எறிமேட்டில் நிற்பவரிடம் ஒரு கேள்வி

தவக்கால வெள்ளியின் இந்த மீன் விருந்துக்குத் தலைமை ஏற்று, முள்ளைப் பொறுமையாக ஒதுக்கியபடியே என் பக்கம் செவி சாய்த்திருக்கும் தந்தை மலாக்கி டோலன் அவர்களே! அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும், லாக்ஸ்டன் உலையர் பேஸ்பால் ஆட்டக் கழகத்தின் தலைவர் திரு. எல்வுட் ப்ரைன் அவர்களே! இடப்புறம், தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருக்கும் அணியின் மேலாளர் திரு. பர்ல் ஹோய்ட் அவர்களே! முறிந்த எலும்பு நம்மூர்க்காரனுடையதா எதிரூர்க்காரனுடையதா என்று பாராமல் கட்டிவிடும் டாக்டர் சலாய் அவர்களே! முன்வரிசையில் தோளோடு தோள் இடித்து அமர்ந்திருக்கும் ஆட்டக்காரர்கள் பதினெட்டுப் பேரே! அவர்களில் மூத்தவரும் என் கணவரின் பந்துகளைப் பதினொரு பருவம் கையில் வாங்கியவருமான கேட்சர் ஆர்ட்டி மெக்நாப் அவர்களே! அவர் மனைவியும் என் தோழியுமான ஐரீனே! உருக்காலையின் பகல் வேலை முடித்து, இமையோரக் கரி போகாமல் வந்திருக்கும் அண்ணன்மாரே! விடியலில் தொடங்கி உருளைக்கிழங்கு பிசைந்து, மாவு மடித்து, பியரோகிக் கொழுக்கட்டை வேகவைத்து, இன்னும் ஈரக் கையோடு அடுக்களை வாசலில் நிற்கும் கோயில் பீடச் சங்கத்துத் தாய்மார்களே! கடைசி வரிசையில், "அவள் பேசினால் நாங்கள் எழுந்துபோவோம்" என்று போன வாரம் சொல்லிவிட்டு, சொன்னபடி செய்யாமல் வந்தமர்ந்த நல்லவர்களே! உங்கள் அனைவருக்கும் லொரெட்டா டூடெக் கைகூப்பி வணக்கம் சொல்கிறேன்.

என்ன சிரிப்பு அங்கே? "கணக்குப்பிள்ளை ஆள் எண்ண ஆரம்பிச்சுட்டா" என்கிறீர்களா? எண்ணுவேன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள் நான். செபப் புத்தகத்தைப் படித்துப் படித்து எழுத்துக் கற்றேன், பீடச் சங்கத்தின் வரவுசெலவை எழுதி எழுதிக் கணக்குக் கற்றேன். இன்று உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆகஸ்டு மாதம், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, நம் ஆட்டத்திடலில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்கள்தான் இருந்தார்கள். தலைவர் இருந்தார், மேலாளர் இருந்தார், மருத்துவர் இருந்தார், கேட்சர் இருந்தார். இத்தனை பேர் இருந்தும், ஒரு மனிதர் தன்னந்தனியாக இருந்தார். ஏன்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாயன்று புதிய பருவம் தொடங்குகிறது. என் கணவர் பந்தெறிய நின்ற அதே எறிமேட்டில், இதோ முன்வரிசையில் காது சிவக்க உட்கார்ந்திருக்கும் டெல்மர் கீன் ஏறப் போகிறார். அவர் கையைப் பற்றி இந்த ஊர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்த முடிவைக் கேட்டு வாங்காமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

அன்பிற்குரியவர்களே! கேசிமிர் டூடெக்கை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டுமா? அதோ, வலக் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்தபடி, இடக் கையால் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். கேஸ், கொஞ்சம் உட்கார். தட்டு எங்கேயும் ஓடிவிடாது.

போர் முடிந்து திரும்பிய வசந்தத்தில் உலையர் சட்டையைப் போட்டார். அன்று தொட்டுப் பதினொரு பருவம், நான்கு நாளுக்கு ஒருமுறை எறிமேடு ஏறினார். மழை வந்தால் ஆட்டம் தள்ளிப்போயிற்று. அவர் தள்ளிப்போனதில்லை. அவரைவிட வேகமாக எறிந்தவர்கள் இந்த ஊருக்கு வரவில்லையா? வந்தார்கள். ஒரு கோடையில் ஒளிர்ந்தார்கள், மறு கோடையில் தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினார்கள். அவரைவிட வளைத்து எறிந்தவர்கள் வரவில்லையா? வந்தார்கள், வளைத்தார்கள், வளைந்துபோனார்கள். வேகம் இல்லை, வித்தை இல்லை, வியக்க ஒன்றும் இல்லை. பின் அந்த மனிதரிடம் என்னதான் இருந்தது? வருகை இருந்தது! வந்து நிற்கும் வழக்கம் இருந்தது! வாங்கிய பந்தை வேண்டிய இடத்தில் வைக்கும் வல்லமை இருந்தது!

கடிகாரம் என்று அவருக்குப் பெயர் வைத்தீர்கள். ஒருநாள் வெளியூர்த் தங்குவிடுதியில் நம் ஹோய்ட் அவர்களுக்குக் கிழமை மறந்துவிட்டது. ஆர்ட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"டேய், டூடெக் கடைசியா எப்ப எறிஞ்சான்?"

"ஞாயித்துக்கெழம, சார்."

"இன்னைக்கு எறியுறானா?"

"தோளுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்கான், சார்."

"அப்ப இன்னைக்கு வியாழக்கெழம. போ, சட்டையை மாத்து."

கை தட்டுகிறீர்கள். இன்னொன்றும் கேளுங்கள். எங்கள் திருமணத்தை அவர் முறைக்கு மறுநாளாகப் பார்த்து வைத்தோம். எங்கள் மகள் பிறந்ததும் அப்படியொரு ஓய்வு நாளில்தான். என் அண்ணன் மருத்துவமனைக்கு வந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, "நல்லா வளத்திருக்கம்மா லொரெட்டா! வயித்துக்குள்ள இருக்கும்போதே ஆட்ட அட்டவணை படிச்சிருக்கா" என்றார்.

மலைப்பாதையில் பேருந்து படுத்துவிட்ட கதை முன்வரிசைக்குத் தெரியும். வெயிலில் ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. ஆர்ட்டி இவரிடம், "கேஸ், ரெண்டு நிமிஷம் தோளை ஆட்டிச் சூடு பண்ணிக்கோடா" என்றார். இவர், "பஸ்ஸத் தள்ளினதுலயே ஆடிருச்சு, வா" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறி, ஒன்பது இன்னிங்ஸும் எறிந்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்டார்.

இவ்வளவும் பெருமை. இந்தப் பெருமைக்குள்தான், பெரியோர்களே, ஒரு பேராபத்து குடியிருந்தது. முதல் பருவத்தில் ஆட்டம் முடிந்ததும் கேட்டார்கள், "டூடெக், கை எப்படி?" அவர் சொன்னார், "நல்லா இருக்கு." இரண்டாம் பருவத்தில் கேட்டார்கள். "நல்லா இருக்கு." மூன்றாம் பருவத்திலும் அதே பதில். நான்காம் பருவத்தில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்து நலமா என்று எவர் கேட்பார்? மணி என்ன என்றுதான் கேட்பார்கள்!

ஒன்று மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அற்புதம் வாய்க்கவில்லை. ஊரே பேசும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவருக்குக் கிடைக்கவில்லை. ஒருமுறை வாசற்படியில் உட்கார்ந்து காலணியின் மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "லொரெட்டா, நான் எறிஞ்ச ஆட்டம் எதையாவது யாராவது ஞாபகம் வெச்சிருப்பாங்களா?" நான் சொன்னேன், "நான் வெச்சிருக்கேன்." அவர் சிரித்தார். "நீ சோப்பு வாங்கினதையே ஞாபகம் வெச்சிருப்ப. உன்னைச் சேத்துக்க முடியாது."

அப்படிப்பட்ட மனிதருக்கு, அந்த ஆகஸ்டு பதினைந்தில், அந்த நாள் வந்தது.

தந்தை அவர்களே, அயர்லாந்திலிருந்து நீங்கள் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. உங்களுக்காக ஒரு வார்த்தை. ஒன்பது இன்னிங்ஸ் முடிய எதிரணியில் ஒருவர்கூடப் பந்தை ஒழுங்காக அடித்து முதல் தளத்தை எட்டாதபடி ஒருவர் எறிந்துவிட்டால், அதுதான் எறிபவர்கள் கனவில் காணும் ஆட்டம். பெரும்பாலோர் அதைத் தொடாமலே ஓய்வு பெறுகிறார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போது அதன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எறிபவரோடு பேசக் கூடாது. அவர் அருகில் அமரக் கூடாது. அவர் முகத்தைப் பார்க்கவும் கூடாது. பார்த்தால், பேசினால், பாக்கியம் பறந்துபோகும். நீங்கள் புன்னகை செய்கிறீர்கள், தந்தையே. திரும்பிப் பாருங்கள், இந்த மண்டபத்தில் உங்களைத் தவிர ஒருவரும் புன்னகைக்கவில்லை!

காலைப் பூசை முடித்து, திருநாள் வழக்கப்படி மூலிகைக் கொத்துகளை மந்திரித்து வாங்கிக்கொண்டு, நேரே திடலுக்குப் போனோம். ஆட்டக்காரர்கள் தங்கள் முறை வரும்வரை உட்காரும் பள்ளத்துக்கு மேலே, கம்பித் தடுப்பை ஒட்டி, மனைவிமார்களின் வரிசை. என் இடப்பக்கம் ஐரீன். முதல் இன்னிங்ஸ், அடியில்லை. இரண்டாவது, மூன்றாவது, இல்லை. நான்காவதில் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஐந்தாவதில் பேச்சு நின்றது. வேர்க்கடலை விற்பவர்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டார். கீழே எட்டிப் பார்த்தேன். நீண்ட பெஞ்சின் ஒரு கோடியில் அத்தனை ஆட்டக்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், மறுகோடியில் என் கணவர் மட்டும். நடுவில் வெறும் பலகை. தொற்றுநோயாளியைக்கூட நாம் அவ்வளவு தூரத்தில் வைப்பதில்லை!

ஆறாவது இன்னிங்ஸ். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன்.

பதினொரு பருவம் அவர் எறிவதைப் பார்த்தவள் நான். கேட்சரின் கையுறையிலிருந்து அவர் கண் விலகியதே இல்லை. அன்று விலகியது. கையைக் கையுறைக்குள் விட்டுப் பந்தைப் பற்றியவர், குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். பந்து கையில் இருக்கிறதா என்று பார்த்தார்! கையில் இருப்பதைக் கை சொல்லவில்லை, அதனால் கண்ணிடம் கேட்டார்! அடுத்த பந்துக்கும் பார்த்தார். அதற்கடுத்த பந்துக்கும் பார்த்தார்.

"ஐரீன், அவர் கையைப் பாத்தியா?"

"ஷ்ஷ்!"

"பந்தைக் குனிஞ்சு பாக்குறாரு."

"லொரெட்டா, வாயை மூடு. இப்ப நீ ஏதாவது பேசி அது போச்சுன்னா, ஆர்ட்டி என்னை வீட்டுக்குள்ள சேக்கமாட்டார்."

ஏழாவதும் முடிந்தது. அடியில்லை. பள்ளத்துக்கு வந்தவர் தண்ணீர்க் குவளையை இடக் கையால் எடுத்தார். வலக் கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போல. வெயில் கொளுத்தும் ஆகஸ்டு மாதத்தில் அந்த விரல்கள் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. பக்கத்தில் பெஞ்சு காலி. பதினேழு ஆண்கள் அந்தப் பள்ளத்தில் இருக்கிறார்கள், பதினேழு பேரும் வேறு திசையில் பார்க்கிறார்கள்!

கையிலிருந்த செபமாலையை இறுக்கினேன். தாயே, இது அவருடைய ஒரே நாள். இதை நான் கெடுக்கலாமா? கேட்டேன். அந்த வெள்ளை விரல்கள்தான் பதில் சொல்லின. எழுந்தேன். ஐரீன் என் பாவாடையைப் பிடித்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "உக்காரச் சொல்லுங்கப்பா அந்தம்மாவ!" இன்னொரு குரல், "யாராவது அவ வாயைப் பொத்துங்க!" அந்தக் குரல்கள் இன்று கடைசி வரிசையில் இருக்கின்றன. இருக்கட்டும். பாவாடை கிழிந்தாலும் பரவாயில்லை என்று படியிறங்கிக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஹோய்ட் அவர்கள் ஓடிவந்தார். "மிஸஸ் டூடெக், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், போயிடுங்க. இன்னும் ஆறே பேர்தான் அவுட் ஆகணும்."

"அவர் கையைப் பாருங்க, சார்."

"நான் பாக்கமாட்டேன். யாரும் பாக்கமாட்டாங்க. உங்களுக்கே தெரியும்ல?"

நான் அவரை விட்டுவிட்டேன். பெஞ்சின் கோடியைப் பார்த்து, ஊர் கேட்க, உரக்கச் சொன்னேன்:

"கேஸ்! உன் கையைக் குடு!"

அன்பர்களே, அந்த நேரத்தில் திடலில் எழுந்த சத்தத்தை நான் என் சாவு வரை மறக்கமாட்டேன். ஒரு கோயில் மணியை உடைத்துவிட்டதைப் போல ஊர் அலறியது. அவர் மெல்ல எழுந்து வந்தார். கம்பி இடுக்கில் கையை நீட்டினார். இடக் கை.

"அந்தக் கை இல்ல."

"லொரெட்டா, இன்னும் ரெண்டே இன்னிங்ஸ். நல்லா இருக்கு."

"இன்னொரு கையைக் குடு, கேஸ்."

கொடுத்தார். இல்லை, இடக் கையால் வலக் கையைத் தூக்கிக் கொடுத்தார்! பிடித்தேன். பனிப்பெட்டியிலிருந்து எடுத்த மீனைப் போலிருந்தது. மணிக்கட்டைத் தொட்டுத் தேடினேன். துடிப்பு இல்லை. நானே தப்பாகத் தேடுகிறேனோ என்று மறுபடி தேடினேன். இல்லை.

"எப்பருந்து?"

"ஆறாவதுலேருந்து. பந்து புடிச்சிருக்கேனான்னே தெரியல."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

அவர் பெஞ்சின் மறுகோடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"யாரும் கேக்கல."

யாரும் கேட்கவில்லை! தாய்மார்களே, யாரும் கேட்கவில்லை! ஆரவாரம் செய்ய ஆயிரம் வாய் இருந்தது, ஆறுதலாகக் கேட்க ஒரு வாய் இல்லை! பந்து போகும் பாதையை அத்தனை கண்ணும் பார்த்தது, பந்தைப் பிடித்த கையை ஒரு கண்ணும் பார்க்கவில்லை! கெட்ட மனிதர்களா நாம்? இல்லையே! அவர் மேல் வைத்த அன்பினால் அல்லவா பேசாதிருந்தோம்? அவர் பாக்கியம் கெடக் கூடாது என்றல்லவா முகம் திருப்பிக்கொண்டோம்? அன்பாலேயே ஒரு மனிதரைத் தனிமைச் சிறையில் பூட்டினோமே, வேறு எந்த ஊராவது, வேறு எந்த ஆட்டமாவது இப்படியொரு பிழையைச் செய்யுமா?

டாக்டர் சலாய் தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்தார். தோளடியில் ரத்தம் உறைந்து ரத்தக்குழாயை அடைத்துவிட்டது என்று அந்த உறைவை அன்று மாலை அறுத்தெடுத்தார்கள். கை தப்பியது, மறுபடி எறியும் தெம்பு மட்டும் அதற்கு வரவில்லை. இன்னும் இரண்டு இன்னிங்ஸ் எறிந்திருந்தால்? டாக்டர், நீங்கள் தலையசைத்தால் போதும். பார்த்தீர்களா? கை போயிருக்கும். அந்த உறைவு வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால் ஆளே போயிருப்பார்.

மாற்றாக வந்தவர் தோள் சூடேறாமல் எறிந்தார். முதல் பந்தே நல்ல அடி. அத்துடன் அந்த அற்புதம் முடிந்தது. ஊர் என்னைத்தான் பார்த்தது. இறைச்சிக் கடையில் என் முறை வந்தபோது கடைக்காரர் கத்தி தீட்டப் போய்விட்டார். எங்கள் வீட்டுப் படியில் யாரோ தையல் பிரித்த பந்து ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் அதைத் தைத்து என் மகளுக்கு விளையாடக் கொடுத்தேன். கோபம் இல்லை. ஆனால் அந்த அற்புதம் என்னவென்று மட்டும் இன்று தெரிந்துகொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று ஆர்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். கேக்கைத் தொடவில்லை. தொப்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஆறாவதுலேருந்து பந்து வேற மாதிரி வந்துச்சு, லொரெட்டா. மெதந்து மெதந்து வந்துச்சு. எங்க திரும்பும்னு எனக்கே தெரியல, அடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கேஸுக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம் அடிக்குதுன்னு நெனச்சேன்."

கேட்டீர்களா? உணர்வில்லாத விரல் விட்ட பந்து அது. விட்டவருக்கே தெரியாமல் விட்ட பந்து அது. நாம் மூச்சடக்கிப் பார்த்தது அற்புதம் அல்ல, அன்பர்களே! ஒரு கை செத்துக்கொண்டிருந்த காட்சியைத்தான் நாம் மூச்சடக்கிப் பார்த்தோம்!

எனக்கு வேதநூல் விளக்கம் சொல்லத் தெரியாது. தந்தை இருக்கும் மேடையில் சொல்லவும் மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பார்வையற்ற மனிதன் ஒருவன் வழியோரம் நின்று கூவியபோது நம் ஆண்டவர் என்ன செய்தார்? அவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்திருந்தும் கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்டார் என்றால், ஒன்றும் அறியாத நாம் கேட்காமல் இருக்கலாமா?

ஆகவே என் கோரிக்கை இது. ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிந்ததும் கேட்சர் போய் எறிபவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கை எப்படி என்று கேட்க வேண்டும். எந்த ஆட்டமானாலும், பெயர் சொல்லக் கூடாத அந்த ஆட்டமே ஆனாலும்! பிப்ரவரியில் கழகத்திடம் இதைச் சொன்னேன். யோசிக்கிறோம் என்றார்கள். யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

என்ன சொன்னீர்கள், ஹோய்ட் அவர்களே? கொஞ்சம் உரக்க. "பொம்பளைங்க வந்து பள்ளத்துக்குச் சட்டம் போட்டா, பசங்க மனசு ஒடைஞ்சுரும். அதிர்ஷ்டம் தங்காது." அதுதானே? நல்லது. உங்கள் அதிர்ஷ்டத்துக்கு என் வீட்டிலிருந்து ஒரு கை கொடுத்தாயிற்று, ஐயா. இன்னும் எத்தனை கை கேட்கும் அது?

சத்தம் வேண்டாம், சத்தம் வேண்டாம். அவர் என் கணவருக்குப் பதினொரு பருவம் சோறு போட்ட மனிதர். அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. சோதித்தே பார்த்துவிடுவோமே. டெல்மர் கீன், எழுந்து நில்லப்பா. வெட்கப்படாதே. பயிற்சி தொடங்கி இரண்டு வாரம் ஆயிற்று. கை எப்படி இருக்கு, டெல்மர்?

"நல்லா இருக்கும்மா."

கேட்டீர்களா? அதே இரண்டு வார்த்தை. குரல்கூட அதே குரல். சரி, உட்கார். இல்லை, இரு. உன் பக்கத்தில் உன் மனைவி ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாள்? ரூத் ஆன், என்னம்மா?

என்ன? பின்வரிசைக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று சொல்லம்மா.

"நாலு நாளா அவர் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுறேன்."

ஐயோ, என் ஆண்டவரே.

அமைதி, அமைதி. அவன் மேல் கத்தாதீர்கள். டெல்மர், அவள் கையை விடு. அவள் மேல் ஏன் கோபிக்கிறாய்?

"செவ்வாய்க்கெழமைக்கு முன்னாடி இதைச் சொன்னா என் எடம் போயிரும்மா. இன்னும் மூணு பேர் அந்த எடத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த மாசம் எங்களுக்குக் கொழந்த பொறக்கப் போவுது. நான் என்ன பண்ண?"

மண்டபம் இப்போது எப்படி அடங்கிவிட்டது பாருங்கள். அன்று ஏழாவது இன்னிங்ஸில் இருந்த அதே அமைதி. கேஸ், நீ எதற்குக் கை தூக்குகிறாய்? சொல்.

"கேட்டிருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன், லொரெட்டா. இவன் சொன்ன மாதிரிதான். நீ எப்படின்னு கேக்கல. கையைக் குடுன்னு கேட்ட. அதான் என் கை இருக்கு."

பெரியோர்களே, நான் எழுதி எடுத்துவந்த கோரிக்கை அரைக் கோரிக்கை. மீதி அரையை இந்த மூன்று பேரும் உங்கள் கண்முன்னே எனக்குத் தந்துவிட்டார்கள். வாயைக் கேட்டால் வாய் பொய் சொல்லும். குழந்தைக்காகச் சொல்லும், குடும்பத்துக்காகச் சொல்லும், கடிகாரம் என்று ஊர் கொடுத்த பெயருக்காகச் சொல்லும். ஆகவே கையைக் கேளுங்கள்! ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் கேட்சர் அந்தக் கையைத் தன் கையில் வாங்கிப் பார்க்கட்டும். சூடு இருக்கிறதா, துடிப்பு இருக்கிறதா, விரல் மடங்குகிறதா என்று தொட்டுப் பார்க்கட்டும். இன்னொன்று. கை சரியில்லை என்று ஒருவன் சொன்னால், அந்தக் கை தேறி வரும் வரை அவன் இடம் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். உண்மை சொன்னவன் தெருவில் நிற்பான் என்றால், பொய்யைத்தான் நாம் சம்பளம் கொடுத்து வளர்க்கிறோம்!

உறுதி என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் கேசிமிர் டூடெக். நாள் தவறாமல் வந்து நின்றார். சரி, அவருக்காக நாள் தவறாமல் வந்து நின்றது யார்? உறுதி ஒருவர் தோளில் மட்டும் இருந்தால் அது ஒருநாள் உறைந்துபோகும். எறிபவர் உறுதியாக எறியட்டும், கேட்சர் உறுதியாகக் கேட்கட்டும், கழகம் உறுதியாகக் காக்கட்டும், ஊர் உறுதியாக உடன் நிற்கட்டும்! அப்போது இந்தத் திடலில் அற்புதம் நடக்கட்டும். பெயர் சொல்லாமலே பார்த்துக்கொண்டிருப்போம். நானும் வாய் திறக்கமாட்டேன், கேட்சர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டார் என்றால்!

யார் அங்கே எழுந்து நடப்பது? ஆர்ட்டியா? எங்கே போகிறீர்கள்? ஓ. டெல்மருக்குப் பக்கத்தில் உட்காரவா. உட்காருங்கள். கையைக் கொடு, டெல்மர். அந்தக் கை இல்லையப்பா. இன்னொன்று.

டாக்டர் சலாய், தயவுசெய்து தட்டை வைத்துவிட்டு நீங்களும் போய்ப் பாருங்கள். மேடை காத்திருக்கும்.

என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட தந்தை அவர்களுக்கும், எழுந்துபோகாமல் இருந்த கடைசி வரிசைக்கும், அடுப்படித் தாய்மார்களுக்கும், பாவாடையைப் பிடித்த கையாலேயே இன்று எனக்குத் தண்ணீர் கொடுத்த ஐரீனுக்கும், சொல்லத் துணிந்த ரூத் ஆனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மாதா உங்கள் வீடுகளைக் காப்பாளாக. வணக்கம்.

திரு. ப்ரைன் அவர்களே, நாளை மறுநாள் குருத்து ஞாயிறு. பத்து மணிப் பூசை முடிந்ததும் கோயில் வாசலின் வலப்பக்கத்தில் நான் நிற்பேன். ஆம் என்றோ இல்லை என்றோ, ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.